அம்பின் வாலில் இறகு எதற்கு?

சேரர் கொடியில் வில் உண்டு என்று எழுதாத மாணவர் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘வில்லிகள்’ என்ற படைப்பிரிவுகள் வருவதையும் சிலர் எழுதுவார்கள். ‘அம்பின் வாலில் இறகு எதற்கு?’ என்று கேட்டுப் பாருங்க, வகுப்பு அமைதியாகிவிடும்.

வில்லை விட்ட அம்பு முதலில் ஆடிக்கொண்டே போகும். இறகு காற்றைப் பிடித்து வாலை இழுப்பதால் அம்பு நேராகிறது. இறகு பெரிசா இருந்தால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும். ஆனால் வேகம் குறையும். சிறிசா இருந்தால் ஆட்டம் அடங்கக் கொஞ்சம் நேரமாகும். வேகம் அவ்வளவாகக் குறையாது. அதனால்தான் இன்றும் 18 மீட்டர் உள்ளரங்கப் போட்டியில் பலர் நீண்ட இறகையும், ஒலிம்பிக்கின் 70 மீட்டருக்குச் சிறிய பிளாஸ்டிக் இறகையும் தேர்ந்தெடுக்கிறார்கள். 70 மீட்டர் எவ்வளவு? மார்சிலிங் சாலையில் ஆறு பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளம்.

இந்த அறிவு பழையது. 1363-இல் தொகுக்கப்பட்ட சார்ங்கதர பத்ததி என்னும் வடமொழி நூல், காகம், அன்னம், மயில், கழுகு முதலிய பறவைகளின் இறகுகளைச் சொல்கிறது. ஓர் அம்புக்கு நான்கு இறகு. நீளம் ஆறு விரற்கடை. கொம்பாலான வில்லுக்கோ பத்து விரற்கடை. இஸ்தான்புல்லின் ஓக்மெய்தான் திடலில் துருக்கியர் தூரத்துக்கென்றே எய்தார்கள். அந்த அம்பு இலேசானது, இறகும் மிகச் சிறியது. சாதனை அம்பு விழுந்த இடத்தில் கல் நட்டார்கள். நம் செங்கம் நடுகற்களோ வில்லேந்தி மாண்ட வீரருக்கு நட்டவை.

தூரம் மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. 1545-இல் ரோஜர் ஆஸ்கம் எழுதிய ஆங்கில வில்வித்தை நூல், கனத்த பெரிய அம்புக்கு நீண்ட இறகு, இலேசான அம்புக்குக் குட்டை இறகு என்கிறது. அதே ஆண்டு மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் மூழ்கியது. அதிலிருந்து ஆயிரக்கணக்கான அம்புகள் கிடைத்தன. இறகுகள் மட்கிவிட்டன, ஆனால் அவற்றைக் கட்டிய நூலின் தடமும் பசையும் தண்டில் இருந்தன. இறகு எவ்வளவு நீளம் என்பதை அந்தத் தடமே காட்டிக்கொடுத்தது.

தேர்வு எழுதும் மாணவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு முனையும் கல்லும் நிலைக்கும். இறகும் நாரும் அழியும். அகழாய்வில் கிடைக்கவில்லை என்பதால் ‘அப்பொருள் அக்காலத்தில் இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். நூல் என்ன சொல்கிறது, சிற்பம் என்ன காட்டுகிறது, எந்தத் தடம் மிஞ்சியிருக்கிறது என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவு எழுதுங்கள்.