மின் தம்பூரா

பாடுபவர் ஒரு கையால் சுருதிப் பெட்டியை இயக்கிக்கொண்டே சாதகம் செய்யலாம். குழலூதுபவருக்கோ வாயும் இரு கைகளும் குழலிலேயே அகப்பட்டுவிடும். பெங்களூரில் 1979-இல் மின் தம்பூராவை உருவாக்கிய ஜி. ராஜ் நாராயண் பொறியியலர் மட்டுமல்லர், குழலிசைக் கலைஞருமாவார் என்பதை நேயர்கள் கருதவேண்டும்.

மின்னலைவால் இசை எழுப்புவது அப்போது புதிதன்று; ருஷ்ய நாட்டுத் தெரமின் 1920-இலேயே அதனைச் செய்து காட்டினார். சுற்றிலுள்ள மின்தடை மாறினால் அலைவின் வேகம் மாறும். வேகம் மிகுந்தால் சுருதி உயரும். பிரடையைத் திருகி, மணியை நகர்த்திச் சேர்க்கவேண்டிய சுருதியை இங்கே ஒரு குமிழே ஒரு கட்டையிலிருந்து ஐந்து கட்டைக்கு ஏற்றிவிடும். ஆனால் அரிய வேலை வேறு. குதிரையின்மேல் தந்திக்கடியில் இடும் மெல்லிய நூல் எழுப்பும் ரீங்காரம் இருக்கிறதே, அதில் ஒரு ஸ்வரத்தோடு பல ஸ்வரங்கள் கலந்தொலிக்கும். அதனை மின்சுற்றில் வரவழைப்பது எளிதன்று.

தனிச் சாதகத்துக்கு இக்கருவி பேருதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. மேடையைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை. குருவின் பின்னே அமர்ந்து தம்பூரா மீட்டியே செவி பழகிய சீடர்கள் பலர். இன்று பல மேடைகளில் அவ்விடத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது.