திண்ணை மணலில் இருந்து ஏணிப்படி வரை: ஒரு தொடக்கப்பள்ளிக் குறிப்பு

வத்தலக்குண்டு பக்கம் இருக்கிற சேவுகம்பட்டியை வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டிருந்தால், அது தை 3ஆம் தேதி நடக்கும் வாழைப்பழம் சூறை விடும் விழாவால்தான் இருக்கும். சோலைமலை அழகர் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கூடை கூடையாகப் பழம் கொண்டுவந்து வீசுவார்கள். ஊர் கூடி ஒன்றைச் செய்வது இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லை. பள்ளிக்கூடத்துக்காகவும் நம் ஊர்கள் இப்படிக் கூடியிருக்கின்றனவா, கூடினபோது யாரையெல்லாம் சேர்த்துக்கொண்டன? இந்தக் கேள்வியோடு தொடக்கப்பள்ளி வரலாற்றைப் படித்துவருகிறேன். அதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

1822இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஜில்லாவாரியாகப் பள்ளிக்கூடக் கணக்கு கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள். மக்கள்தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம். அதாவது ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பெரும்பாலும் இவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். வாத்தியாருக்குச் சர்க்கார் சம்பளம் கிடையாது. பெற்றோர் கொடுக்கிற காசும் தானியமும் பண்டிகைக்குக் கிடைக்கிறதும்தான்.

பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள், பிறகு ஓலைக்குப் போவார்கள். முன்னால் கற்றுக்கொண்ட பையன் பின்னால் வந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவன்தான் சட்டாம்பிள்ளை. 1789இல் எழும்பூர் அனாதை ஆசிரமப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இப்படி மணலில் எழுதும் பிள்ளைகளைப் பார்த்துத்தான் தன் பள்ளியிலும் அதைச் செய்துபார்த்தார். பிள்ளைகளையே பிள்ளைகளுக்கு ஆசிரியராக வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

‘பாத்தீங்களா, நம்ம திண்ணைதான் வெள்ளைக்காரனுக்கே சொல்லிக்கொடுத்தது’ என்று பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அங்கே நிறுத்த முடியவில்லை. மன்றோ காலத்துக் கணக்கிலேயே பெண்பிள்ளைகள் சொற்பம். தீண்டாமைக்கு ஆளான தெருப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையே எட்டாத இடம். ஊர் பணம் போட்ட பள்ளிக்கூடத்தில், யார் உட்காரலாம் என்பதையும் ஊரே முடிவு செய்தது.

அந்தக் கதவு தானாகத் திறக்கவில்லை. சேவுகம்பட்டிக்குப் பக்கத்து ஊர் பட்டிவீரன்பட்டி. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அந்த ஊர்க்காரர். ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமம் பறிபோகும் என்று உத்தரவு போட்டவர். பஸ்ஸில் ஏறுவதற்கே உத்தரவு தேவைப்பட்ட காலம் அது. அப்போதைய தொடக்கப்பள்ளிகளில் பலவும் இதே போர்டுகள் நடத்தியவைதான். ஊரின் மனசுக்கு மேலே ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த கட்டம் தக்ளி. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் வழியாகப் பாடம் கற்பதைப் பேசியது. 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது அந்தக் கல்வி நம் மாவட்டத்துக்கே வந்தது. நூலின் நீளத்தை அளந்தால் கணக்கு, பருத்தி விளைகிற மண்ணைப் பற்றிப் பேசினால் பூகோளம். யோசனை அழகானது. ஆனால் பல சாதாரணப் பள்ளிகளில் அது கால அட்டவணையில் ஒரு ‘நூற்பு பீரியடு’ ஆகச் சுருங்கிப்போனது.

1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் வேறு வகை. கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் தினமும் 3 மணி நேரம்தான் வகுப்பு, மிச்ச நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். ‘செய்து கற்றல்’ என்று கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சாதியும் தொழிலும் ஒட்டிக்கிடக்கிற ஊரில், செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்பையே கற்கும். ‘குலக்கல்வி’ என்று எதிர்ப்பு கிளம்பியது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

ஊரைப் பள்ளிக்குள் கொண்டுவருவதற்கு இன்னொரு வழியைக் காமராஜர் காலம் காட்டியது. 1956இல் தொடங்கிய மதிய உணவில் செலவின் ஒரு பங்கை ஊர்க்காரர்கள் ஏற்றார்கள். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்நின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் இடம், கட்டடம், பெஞ்சு, சீருடை என்று கொடுத்தார்கள். திண்ணைக் காலத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இதுதான்: ஊர் கொடுத்தது, ஆனால் யார் உள்ளே வரலாம் என்ற அதிகாரம் ஊரிடம் இல்லை.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் வளர்ந்த முறை அது. 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. ஏணிப்படி, பாட அட்டைகள், தரையோடு ஒட்டின கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கும் பிள்ளைகளின் ஓவியம், பிள்ளையே குறிக்கும் வருகைப் பதிவு. ஒரு பிள்ளை ஆசிரியரோடு உட்காரும், இன்னொன்று சக மாணவரோடு, மற்றொன்று தனியாக. சட்டாம்பிள்ளையின் பிரம்பு போய், சொல்லிக்கொடுக்கிற வேலை மட்டும் திரும்பி வந்தது என்று நான் இதைப் பார்க்கிறேன். ‘வீட்டுப்பாடம் எங்கே, புத்தகம் எங்கே’ என்று பெற்றோர் கேட்டதும் நியாயம்தான். முறை மேலே இருந்து வந்தது. வீட்டில் யாருக்கும் அதை விளக்கவில்லை. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர்கள் மாறின. பிள்ளை தன் வேகத்தில் கற்கட்டும் என்ற எண்ணம் மாறவில்லை.

இன்றைக்கு ஊருக்கு என்ன இடம்? 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், குழுவில் பாதி பெண்களாக இருக்க வேண்டும். 2022இல் தொடங்கிய காலை உணவுக்குக் கிராமங்களில் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். மன்றோ கணக்கெடுத்த திண்ணையில் இந்தப் பெண்களுக்கும் இடமில்லை, அவர்கள் மகள்களுக்கும் இடமில்லை.

கற்பிக்கும் முறைகள் இருநூறு வருஷத்தில் பெயர் மாறிமாறி வந்திருக்கின்றன. பெரிய மாற்றம் நடந்தது வாசலில். உங்கள் ஊர்ப் பள்ளியின் வரலாற்றை எழுத ஆசைப்பட்டால், தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டுப் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் இருந்து தொடங்குங்கள். எந்த வருஷம் முதல் பெண்பிள்ளை, எந்த வருஷம் எந்தத் தெருவில் இருந்து முதல் பிள்ளை என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். பேரைப் போட வேண்டாம், வருஷம் போதும். அந்தப் பட்டியலே ஊரின் வரலாறு.