காலநிலை மாற்றக் கல்வியிலும் பொதுமக்கள் பங்கேற்பிலும் பன்னாட்டு ஒத்துழைப்பு

காலநிலை மாற்றக் கல்வியிலும் பொதுமக்கள் பங்கேற்பிலும் பன்னாட்டு ஒத்துழைப்பு என்பது, காலநிலை மாற்றம் பற்றிய அறிவை மக்களிடம் கொண்டு சேர்க்கவும், அது தொடர்பான முடிவுகளில் மக்களுக்கு இடமளிக்கவும் உலக நாடுகள் உடன்படிக்கை வழியாக ஏற்றுக்கொண்ட பொறுப்புகளையும், அவற்றை நிறைவேற்ற மேற்கொள்ளும் கூட்டு முயற்சிகளையும் குறிக்கும். இதன் சட்ட அடிப்படை, 1992ஆம் ஆண்டின் காலநிலை மாற்றம் குறித்த ஐக்கிய நாடுகள் சட்டக உடன்படிக்கையின் 6ஆம் பிரிவும், 2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும் ஆகும். இப்பணிகள் அனைத்தும் இன்று காலநிலை வலுவூட்டலுக்கான செயற்பாடு என்னும் பொதுப்பெயரால் அழைக்கப்படுகின்றன.

உமிழ்வுக் குறைப்பு, நிதி ஆகியவை பற்றிய பேச்சுவார்த்தைகளோடு ஒப்பிடுகையில் இத்துறை குறைவாகவே அறியப்பட்டுள்ளது. எனினும் எரிபொருள் வரி, போக்குவரத்து, வேளாண்மை, கடலோரக் குடியிருப்பு என மக்களின் அன்றாட வாழ்வைத் தொடும் காலநிலைக் கொள்கைகள், மக்கள் அவற்றைப் புரிந்துகொண்டு ஏற்காதவிடத்து நிலைப்பதில்லை என்பதால் இது முதன்மை பெறுகிறது.

பின்னணி

சுற்றுச்சூழல் கல்வி குறித்த பன்னாட்டு முயற்சிகள் காலநிலை உடன்படிக்கைக்கு முற்பட்டவை. 1977ஆம் ஆண்டு அக்டோபரில், அன்றைய சோவியத் ஒன்றியத்தின் ஜோர்ஜியக் குடியரசிலுள்ள திபிலீசி நகரில், யுனெஸ்கோவும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டமும் இணைந்து அரசுகளுக்கிடையிலான சுற்றுச்சூழல் கல்வி மாநாட்டை நடத்தின. சுற்றுச்சூழல் கல்வி தனிப் பாடமாக ஒதுங்கிவிடாமல் எல்லாப் பாடங்களிலும் ஊடுருவ வேண்டும், எல்லா அகவையினருக்கும் உரியதாக இருக்க வேண்டும் என்பவை அங்கு வகுக்கப்பட்ட நெறிகளுள் அடங்கும்.

1992ஆம் ஆண்டில் ரியோ டி ஜெனீரோவில் நடைபெற்ற புவி உச்சி மாநாட்டில் இக்கருத்து மேலும் வலுப்பெற்றது. ரியோ சாற்றுரையின் 10ஆவது நெறி, சுற்றுச்சூழல் தொடர்பான தகவலைப் பெறுதல், முடிவெடுத்தலில் பங்கேற்றல், நீதி பெறுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே குறிப்பிட்டது. இம்மாநாட்டிலேயே காலநிலை மாற்றச் சட்டக உடன்படிக்கையும் கையெழுத்துக்காகத் திறந்து வைக்கப்பட்டது. அது 1994ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று நடைமுறைக்கு வந்தது.

உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு

இப்பிரிவு இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் செய்ய வேண்டியவற்றைக் கூறுகிறது. கல்வி, விழிப்புணர்வுத் திட்டங்களை உருவாக்குதல், தகவல் மக்களுக்குக் கிடைக்கச் செய்தல், மக்கள் பங்கேற்புக்கு வழிசெய்தல், அறிவியல், தொழில்நுட்ப, மேலாண்மைப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தல் ஆகியவை அவை. இரண்டாம் பகுதி நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பைப் பற்றியது. கற்பித்தற் பொருட்களை உருவாக்கிப் பரிமாறிக்கொள்ளுதல், தேசிய நிறுவனங்களை வலுப்படுத்துதல், குறிப்பாக வளர்ந்துவரும் நாடுகளில் வல்லுநர்களைப் பயிற்றுவிக்கப் பணியாளர்களை அனுப்பியும் பெற்றும் உதவுதல் ஆகியவற்றை இது வலியுறுத்துகிறது.

இப்பிரிவின் சொல்லமைப்பு குறிப்பிடத்தக்கது. முதற்பகுதியிலுள்ள கடமைகள், தேசியச் சட்டங்களுக்கு இணங்கவும் அவ்வந்நாட்டின் ஆற்றலுக்கு உட்பட்டும் நிறைவேற்றப்பட வேண்டியவை. இரண்டாம் பகுதி, ஏற்கெனவே உள்ள அமைப்புகளைப் பயன்படுத்துமாறு கூறுகிறது. எனவே இதற்கெனப் புதிய நிறுவனமோ, எண்ணால் அளக்கத்தக்க இலக்கோ உருவாக்கப்படவில்லை. பிற்கால முயற்சிகள் பெரும்பாலும் இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சிகளேயாகும்.

ஆறு கூறுகள்

6ஆம் பிரிவின் உள்ளடக்கம் வழக்கமாக ஆறு கூறுகளாகப் பகுக்கப்படுகிறது.

• கல்வி: பள்ளி, கல்லூரிப் பாடத்திட்டங்கள் வழியாக நீண்டகால நோக்கில் அறிவையும் மனப்பாங்கையும் வளர்த்தல்.
• பயிற்சி: குறிப்பிட்ட பணிக்குத் தேவையான திறனை அளித்தல். பைங்குடில் வளிமக் கணக்கெடுப்பு நடத்தும் அலுவலர், ஆசிரியர், வேளாண் விரிவாக்கப் பணியாளர் ஆகியோருக்கான பயிற்சிகள் எடுத்துக்காட்டுகள்.
• பொது விழிப்புணர்வு: ஊடகங்கள், பரப்புரைகள் வழியாக எல்லாத் தரப்பினரையும் சென்றடைதல்.
• தகவல் பெறும் வாய்ப்பு: தரவுகளும் அரசின் திட்டங்களும் மக்களுக்குத் தடையின்றிக் கிடைத்தல்.
• பொதுமக்கள் பங்கேற்பு: கொள்கை வகுத்தலிலும் செயலாக்கத்திலும் மக்கள் இடம்பெறுதல்.
• பன்னாட்டு ஒத்துழைப்பு: மேற்கூறிய ஐந்திலும் நாடுகள் ஒன்றுக்கொன்று உதவுதல்.

செயற்றிட்டங்களின் வரலாறு

உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து எட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே 6ஆம் பிரிவுக்கெனத் தனிச் செயற்றிட்டம் உருவானது. இடையில் 1997ஆம் ஆண்டின் கியோட்டோ நெறிமுறை, தனது 10ஆம் பிரிவில் கல்வி, பயிற்சி தொடர்பான ஒத்துழைப்பை மீண்டும் வலியுறுத்தியது.

புது தில்லிச் செயற்றிட்டம் (2002): உடன்படிக்கைத் தரப்பினரின் எட்டாவது மாநாடு 2002ஆம் ஆண்டு அக்டோபர் 23 முதல் நவம்பர் 1 வரை புது தில்லியில் நடைபெற்றது. அப்போது இந்தியாவின் சுற்றுச்சூழல், வன அமைச்சராக இருந்த தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. ஆர். பாலு இம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 6ஆம் பிரிவுக்கான முதலாவது ஐந்தாண்டுச் செயற்றிட்டம் இங்கு ஏற்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு பாலி மாநாட்டில் இது திருத்தங்களுடன் நீட்டிக்கப்பட்டது.

தோகா செயற்றிட்டம் (2012): எட்டாண்டுக் காலத்துக்கு வகுக்கப்பட்டது. ஒவ்வொரு நாடும் இப்பணிக்கெனத் தேசியத் தொடர்பாளர் ஒருவரை அமர்த்தவும் தேசிய உத்தி ஒன்றை வகுக்கவும் ஊக்குவித்தது. அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள ஆண்டுதோறும் உரையாடல் நடத்தும் முறையும் இதன் கீழ்த் தொடங்கியது.

லிமா சாற்றுரை (2014): பெரு நாட்டின் தலைநகரான லிமாவில் நடந்த மாநாட்டில், கல்வி, விழிப்புணர்வு தொடர்பான அமைச்சர்நிலைச் சாற்றுரை வெளியிடப்பட்டது. காலநிலை மாற்றத்தைப் பாடத்திட்டங்களில் சேர்க்குமாறு அரசுகளை இது ஊக்குவித்தது.

பாரிஸ் உடன்படிக்கை (2015): இதன் 12ஆம் பிரிவு, கல்வி, பயிற்சி, விழிப்புணர்வு, பங்கேற்பு, தகவல் ஆகியவற்றை மேம்படுத்த நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் எனக் கூறும் ஒற்றை வாக்கியமாகும். 'பொருத்தமானவாறு' என்ற அடைமொழி இதிலும் இடம்பெற்றுள்ளது. காலநிலை வலுவூட்டலுக்கான செயற்பாடு என்ற பெயரும் இக்காலத்திலேயே வழக்குக்கு வந்தது.

கிளாஸ்கோ செயற்றிட்டம் (2021): பத்தாண்டுக் காலத்துக்குரியது. கொள்கை இணக்கம், ஒருங்கிணைந்த செயற்பாடு, கருவிகளும் ஆதரவும், கண்காணிப்பு, மதிப்பீடு, அறிக்கையளித்தல் என்னும் நான்கு முன்னுரிமைத் துறைகளைக் கொண்டது. இதனைச் செயற்படுத்த, 2022ஆம் ஆண்டு எகிப்தின் சார்ம் எல் சேக் நகரில் நான்காண்டுச் செயல் திட்டம் ஏற்கப்பட்டது.

நிறுவனங்கள்

இத்துறையில் ஐக்கிய நாடுகள் அவையின் பல அமைப்புகள் ஈடுபட்டுள்ளன. உடன்படிக்கையின் செயலகம் ஜெர்மனியின் பான் நகரிலிருந்து உரையாடல்களையும் தேசியத் தொடர்பாளர் வலையமைப்பையும் ஒருங்கிணைக்கிறது. ஐக்கிய நாடுகள் பயிற்சி, ஆய்வு நிறுவனம் நடத்தும் காலநிலை மாற்றக் கற்றல் கூட்டமைப்பு 2009ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பெனின், டொமினிக்கன் குடியரசு, இந்தோனேசியா, மலாவி, உகாண்டா ஆகிய ஐந்து நாடுகள் இதன் முன்னோடித் திட்டத்தில் சேர்ந்து, தத்தமக்கான தேசியக் கற்றல் உத்திகளை உருவாக்கின.

யுனெஸ்கோ 2022ஆம் ஆண்டில் பசுமைக் கல்விக் கூட்டாண்மையைத் தொடங்கியது. பள்ளிகள், பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சியும் கல்வி அமைப்பின் திறனும், சமூகம் ஆகியவை இதன் நான்கு தூண்கள் எனப்படுகின்றன.

நாடுகளின் நடைமுறை

பன்னாட்டு உடன்படிக்கை பொதுநெறியை மட்டுமே கூறுவதால், அது வகுப்பறையை எட்டுவது உள்நாட்டுச் சட்டங்களைப் பொறுத்தே அமைகிறது.

பிலிப்பைன்சின் 2009ஆம் ஆண்டுக் காலநிலை மாற்றச் சட்டம், தொடக்க, இடைநிலைப் பள்ளிப் பாடத்திட்டங்களில் காலநிலை மாற்றத்தைச் சேர்க்கும் பொறுப்பைக் கல்வித் துறையிடம் ஒப்படைத்தது. கென்யாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம், பாடத்திட்டத்தில் காலநிலை மாற்றத்தைச் சேர்ப்பதோடு, கொள்கைகள் வகுக்கப்படும்போது பொதுமக்களைக் கலந்தாலோசிக்கவும் கோருகிறது. இத்தாலியில் 2020ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்ட குடிமையியல் கல்விக்கு ஆண்டுக்கு 33 மணி நேரம் ஒதுக்கப்பட்டது. பேண்தகு வளர்ச்சி அதன் முக்கியப் பகுதிகளுள் ஒன்றாகும்.

இந்தியாவில் இதற்கு நீதிமன்றமே வழிவகுத்தது. எம். சி. மேத்தா தொடர்ந்த பொதுநல வழக்கில், ரியோ மாநாட்டுக்கு முந்திய 1991ஆம் ஆண்டிலேயே, பள்ளி கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்குமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. திரையரங்குகளில் சுற்றுச்சூழல் பற்றிய படவில்லைகளைக் கட்டணமின்றிக் காட்டுவதை உரிமத்தின் நிபந்தனையாக்குமாறும், வானொலி, தொலைக்காட்சியில் நாள்தோறும் சிறு நிகழ்ச்சிகளை ஒலி, ஒளிபரப்புமாறும் அத்தீர்ப்பு கூறியது. இதன் தொடர்ச்சியாகவே பட்டப்படிப்பு மாணவர் அனைவருக்கும் சுற்றுச்சூழல் பாடம் அறிமுகமானது.

பொதுமக்கள் பங்கேற்பு

ஆறு கூறுகளுள் மிகுந்த கருத்து வேறுபாட்டுக்கு உள்ளாவது பங்கேற்பேயாகும். பாடநூலில் ஓர் அத்தியாயத்தைச் சேர்ப்பதற்குத் தயங்காத அரசுகளும், முடிவெடுக்கும் உரிமையைப் பகிர்ந்துகொள்ளத் தயங்குவதுண்டு.

இவ்வுரிமையைச் சட்டப்படி பிணைக்கும் இரு வட்டார உடன்படிக்கைகள் உள்ளன. 1998ஆம் ஆண்டு டென்மார்க்கில் கையெழுத்தான ஆர்கூசு உடன்படிக்கை 2001இல் நடைமுறைக்கு வந்தது. இது முதன்மையாக ஐரோப்பாவையும் நடு ஆசியாவையும் சார்ந்தது. இலத்தீன் அமெரிக்க, கரிபிய நாடுகளுக்கான எசுகாசூ உடன்படிக்கை 2018இல் ஏற்கப்பட்டு 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 22 அன்று நடைமுறைக்கு வந்தது. சுற்றுச்சூழல் காப்பாளர்களின் பாதுகாப்புக்கென விதிகளைக் கொண்ட முதல் உடன்படிக்கை இதுவே. தெற்காசியாவுக்கு இத்தகைய உடன்படிக்கை இல்லை.

குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட பொதுமக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பது மற்றொரு முறையாகும். 2015ஆம் ஆண்டு ஜூன் 6 அன்று, பாரிஸ் மாநாட்டுக்கு முன்னோடியாக, 76 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பேர் ஒரே நாளில் கூடி ஒரே வினாக்களைப் பற்றிக் கலந்துரையாடினர்.

பிரான்சில் எரிபொருள் வரி உயர்வு 2018ஆம் ஆண்டு இறுதியில் மஞ்சள் மேலாடைப் போராட்டத்தைத் தூண்டியது. அதன் பின்னர், 150 பொதுமக்களைக் கொண்ட காலநிலைக் குடிமக்கள் பேரவை அமைக்கப்பட்டது. அது 2020ஆம் ஆண்டு ஜூனில் 149 பரிந்துரைகளை முன்வைத்தது. நான்கு மணி நேரத்துக்குள் தொடருந்தில் செல்லக்கூடிய ஊர்களுக்கிடையே உள்நாட்டு வானூர்திச் சேவையை நிறுத்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்வரம்பு இரண்டரை மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. தம் பரிந்துரைகளை அரசு கையாண்ட விதத்துக்குப் பேரவை உறுப்பினர்கள் குறைந்த மதிப்பெண்ணே அளித்தனர். கருத்துக் கேட்பதற்கும் கேட்ட கருத்தை ஏற்பதற்கும் உள்ள இடைவெளிக்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

பன்னாட்டுப் பேச்சுவார்த்தைகளில் அரசு சாராத அமைப்புகள் ஒன்பது பிரிவுகளாகப் பார்வையாளர் தகுதி பெற்றுள்ளன. உழவர், தொழிற்சங்கங்கள், பழங்குடி மக்கள், பெண்கள் ஆகியோருக்கான பிரிவுகள் இவற்றுள் அடங்கும். இளைஞர் பிரிவு 2011ஆம் ஆண்டில் முழு ஏற்பைப் பெற்றது. பார்வையாளர்கள் கருத்துரைக்கலாம், முடிவெடுக்கும் உரிமை அரசுகளுக்கு மட்டுமே உண்டு.

மொழி

தகவல் பெறும் வாய்ப்பில் மொழி பெருந்தடையாக உள்ளது. உடன்படிக்கை ஆவணங்களும், காலநிலை மாற்றம் குறித்த அரசுகளுக்கிடையிலான குழுவின் அறிக்கைச் சுருக்கங்களும் ஐக்கிய நாடுகள் அவையின் அலுவல் மொழிகளான அரபு, ஆங்கிலம், எசுப்பானியம், சீனம், பிரெஞ்சு, உருசியம் ஆகிய ஆறில் மட்டுமே அதிகாரபூர்வமாக வெளியாகின்றன. தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளைப் பேசுவோர், தம் அரசுகளும் கல்வி நிறுவனங்களும் தன்னார்வலர்களும் செய்யும் மொழிபெயர்ப்புகளையும் கலைச்சொல்லாக்கத்தையும் சார்ந்திருக்க வேண்டியுள்ளது. கடல்மட்ட உயர்வாலும் புயலாலும் நேரடியாகப் பாதிக்கப்படும் மீனவர், உழவர் ஆகியோர் பலர் இந்த ஆறு மொழிகளுள் எதனையும் அறியாதவர்கள் என்பது இங்கு கருதத்தக்கது.

குறைபாடுகள்

இத்துறையின் நிலையைக் காட்டும் ஆய்வுகளை யுனெஸ்கோ 2021ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆராயப்பட்ட 100 நாடுகளின் தேசியப் பாடத்திட்டச் சட்டகங்களுள் 53 விழுக்காட்டில் மட்டுமே காலநிலை மாற்றம் குறிப்பிடப்பட்டிருந்தது. ஆசிரியர்களிடம் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், காலநிலை மாற்றத்தின் கடுமையைக் கற்பிப்பது முக்கியம் என 95 விழுக்காட்டினர் கருதினர். ஆனால் அதைக் கற்பிக்கும் தன்னம்பிக்கை தமக்கு உண்டு என்றோர் 40 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆர்வத்தைவிட ஆசிரியர் பயிற்சியே பற்றாக்குறையாக உள்ளது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

இவை தவிரப் பின்வரும் குறைகளும் சுட்டப்படுகின்றன.

• நிதி: இப்பணிக்கெனத் தனி நிதியம் இல்லை. பிற காலநிலைத் திட்டங்களின் ஒரு பகுதியாகவே பெரும்பாலும் நிதி கிடைக்கிறது.
• அளவீடு: உமிழ்வை டன் கணக்கில் அளப்பது போல் கல்வியையும் பங்கேற்பையும் அளக்கும் பொது அலகு இல்லை. நடத்தப்பட்ட நிகழ்ச்சிகளை எண்ணுவது எளிது; அவற்றின் விளைவை அறிவது கடினம்.
• அதிகாரம்: தேசியத் தொடர்பாளர் பெரும்பாலும் சுற்றுச்சூழல் அமைச்சகத்தைச் சேர்ந்தவராக இருப்பார். பாடத்திட்டமோ கல்வி அமைச்சகத்தின் பொறுப்பில் உள்ளது. இரண்டுக்கும் பாலம் அமையாத நாடுகளில் உத்தி ஆவணம் ஏட்டளவிலேயே நின்றுவிடுகிறது.

இவற்றையும் பார்க்க

• காலநிலை மாற்றம்
• கியோட்டோ நெறிமுறை
• பாரிஸ் உடன்படிக்கை
• சுற்றுச்சூழல் கல்வி
• தகவல் அறியும் உரிமை