பச்சிளங் குழந்தைகளின் மூளைத் தமனிப் புடைப்பு: சென்னை வழியாக ஒரு வரலாறு

மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியின் சுவர் ஓரிடத்தில் வலுவிழந்து வெளியே பிதுங்குவது தமனிப் புடைப்பு எனப்படும். மருத்துவர்கள் இதை அனூரிசம் என்பார்கள். சைக்கிள் டயர் கிழிந்த இடத்தில் ட்யூப் குமிழாகப் பிதுங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்தக் குமிழ் வெடித்தால் மூளையைச் சுற்றி இரத்தம் கசியும். இது பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்களுக்கு வரும் நோய். கண்டறியப்படும் புடைப்புகளில் குழந்தைகளுடையவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அவற்றிலும் ஒரு வயது நிறையாத குழந்தைகள் மிகச் சிலரே. இந்த அரிய தன்மையில் இயற்கை எவ்வளவு, நம் கண்ணில் படாமல் போனது எவ்வளவு என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உயிரோடிருப்பவரின் மூளைத் தமனியைப் படமாகப் பார்க்க வழி கண்டவர் போர்ச்சுக்கல் நாட்டின் ஏகாஸ் மோனிஸ். கழுத்துத் தமனியில் சாயமருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் ஆஞ்சியோகிராம் முறையை அவர் 1927இல் செய்து காட்டினார். 1931இல் எடின்பரோவில் நார்மன் டாட், வெடித்த புடைப்பு ஒன்றை மண்டையைத் திறந்து அடைந்து, நோயாளியின் தசைத் துணுக்கையே அதன் மேல் பொதிந்து கசிவை நிறுத்தினார். அந்த நோயாளி பல ஆண்டுகள் வாழ்ந்தார். (நம் தாம்பரம் - கடற்கரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் இதே 1931இல்தான்.) 1937இல் அமெரிக்காவின் வால்டர் டாண்டி, புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் மாட்டி அதை இரத்த ஓட்டத்திலிருந்து பிரித்தார். இன்றைய அறுவை சிகிச்சையின் அடிப்படை அதுவே.

இந்தியாவில் இத்துறை தமிழகத்தில்தான் தொடங்கியது. 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி மூளை நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1950 அக்டோபரில், சென்னை அரசு பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தி தொடங்கினார். சீர்காழியில் 1922இல் பிறந்து இங்கிலாந்தின் நியூகாசிலில் பயிற்சி பெற்றவர் அவர். 1951இல் சென்னையில் இந்திய நரம்பியல் கழகம் உருவானபோது நிறுவியவர்களில் இவ்விருவரும் இருந்தனர். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் மக்களுக்கு அந்த மருத்துவமனை எட்டாத இடமல்ல. மின்சார ரயிலில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். ஆனால் யாரை அங்கே கொண்டு போக வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே!

அந்தக் காலத்தில் சென்னை மூளை அறுவை மருத்துவர்களின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று மூளையில் வரும் காசநோய்க் கட்டி. தாம்பரம் சானடோரியம் 1928இலேயே தோன்றிய ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பிராது. தமனிப் புடைப்போ அபூர்வமாகவே வந்தது. 1969இல் ராமமூர்த்தி, இந்தியாவில் மண்டைக்குள் தமனிப் புடைப்பு எந்த அளவில் காணப்படுகிறது என்று ஓர் அமெரிக்க அறுவை மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். மேலை நாடுகளைவிட இங்கே குறைவு என்பதே அதன் முடிவு. அவர் கண்முன் இருந்த கணக்கைப் பொறுத்தவரை அது நேர்மையான முடிவு. உணவு, மரபு என்று பலர் பல காரணங்கள் தேடினார்கள். ஆனால் திடீரென்று தலைவலி வந்து விழுந்து வீட்டிலேயே இறந்தவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பின்னாளில் சி.டி. ஸ்கேன் பரவியதும் இந்திய மருத்துவமனைகளில் இந்நோயாளிகளின் எண்ணிக்கை ஏறியது. நோய் புதிதாக வந்துவிட்டது என்பதைவிட, முன்பு தெரியாதது தெரிய வந்தது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பெரியவர்கள் கதி இதுவென்றால் வாய் பேசாத குழந்தையின் கதி என்ன? 'தலை வெடிக்கிறது' என்று குழந்தை சொல்லாது. வாந்தி, விடாத அழுகை அல்லது அசாதாரணத் தூக்கம், வலிப்பு, புடைத்த உச்சிக்குழி ஆகியவையே அறிகுறிகள். இவை எல்லாமே மூளைக்காய்ச்சலுக்கும் உண்டு. நம் வீடுகளில் வலிப்பு கண்டால் 'மாந்தம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். 1980களில் எங்கள் தெருவில் ஏழு மாதக் குழந்தை ஒன்றுக்கு வலிப்பு வந்தது. இரண்டு நாள் மாந்தத்துக்கு மருந்து கொடுத்த பின்னர் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். முதுகுத்தண்டு நீர் சிவப்பாக வந்தது என்று அந்தத் தகப்பனார் சொன்னார். மறுநாள் குழந்தை இல்லை. காரணம் என்னவென்று யாரும் தேடவில்லை. எந்தப் பட்டியலிலும் அந்தக் குழந்தை இராது.

நோயைக் கண்டுகொண்டாலும் சிகிச்சை எளிதன்று. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன், கசிவைச் சில நிமிடங்களில் காட்ட வழி செய்தது. 1967 முதல் சூரிச்சில் யாசர்கில் வளர்த்தெடுத்த நுண்ணோக்கி அறுவை, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன் கொண்ட தமனியிலும் கை வைக்கும் துணிவைத் தந்தது. ஆனால் குழந்தையின் மண்டையோடு மெல்லியது. பெரியவர்களுக்குப் போல முள்பிடியில் தலையை இறுக்க முடியாது. மெத்தை வைத்த தாங்கியில் கிடத்த வேண்டும். உடல் விரைவில் குளிர்ந்துவிடும் என்பதால் அறுவை அறையைச் சூடாக வைப்பார்கள். குழந்தைகளின் புடைப்புகள் அளவில் பெரியவையாகவும், கிளிப் மாட்டத் தெளிவான கழுத்து இல்லாதவையாகவும் இருப்பது அதிகம். அப்படியானால் தமனியின் அந்தப் பகுதியையே இருபுறமும் அடைக்க நேரும்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் இரத்தம்தான். குழந்தையின் உடலில் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 80 மில்லி இரத்தம். ஐந்து கிலோ குழந்தைக்கு மொத்தமே 400 மில்லி, அதாவது அரை லிட்டர் பால் பாக்கெட்டைவிடக் குறைவு. பெரியவருக்குப் பொருட்டாகாத 100 மில்லி இழப்பு இங்கே கால்பங்கு. எனவே முதல் கீறலுக்கு முன்பே இரத்தம் தயாராக இருக்க வேண்டும். இந்த இடத்தில் டி.எஸ். கனகாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆசியாவின் முதல் பெண் மூளை நரம்பு அறுவை மருத்துவர்களில் ஒருவரான அவர் ராமமூர்த்தியின் குழுவில் பணியாற்றியவர். தாமே நூறு தடவைக்கு மேல் இரத்த தானம் செய்தவர்.

1990இல் குக்லியெல்மி என்ற இத்தாலியர், தொடைத் தமனி வழியே மெல்லிய குழாய் செலுத்திப் பிளாட்டினச் சுருளால் புடைப்பை உள்ளிருந்தே நிரப்பும் முறையை லாஸ் ஏஞ்சலிஸில் கொண்டுவந்தார். மண்டையைத் திறக்க வேண்டாம். ஆயினும் குழந்தையின் தொடைத் தமனி மிகச் சிறியது. சாயமருந்தையும் எக்ஸ்ரே கதிரையும் அளந்தே தர வேண்டும். வளரும் பிள்ளை என்பதால் அடைத்த இடம் மறுபடி திறக்கிறதா என்று பல ஆண்டுகள் படமெடுத்துப் பார்க்க வேண்டும்.

'கேலன் சிரைப் புடைப்பு' என்று ஒன்று உண்டு. பெயரில்தான் அது புடைப்பு. உண்மையில் தமனிகள் நேரடியாகச் சிரையில் கலக்கும் பிறவிக் கோளாறு. இதயம் அந்தச் சுமையைத் தாங்காமல் தளரும். இதைக் கத்தியால் சரிசெய்ய முயன்ற காலத்தில் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கவில்லை. பாரிஸில் பியர் லாஜோனியா, குழாய் வழியே அடைக்கும் முறையைச் செம்மைப்படுத்தி, இதயம் தாங்கும் குழந்தைக்கு ஐந்து மாத வயது வரை காத்திருக்கலாம் என்று வகுத்த பிறகே நிலைமை மாறியது.

ராமமூர்த்தி அரசுப் பணி ஓய்வுக்குப் பின் தரமணியில் உள்ள வி.எச்.எஸ். மருத்துவமனையில் நரம்பு அறுவை மையத்தை நடத்தி, 2003இல் மறைந்தார். பார்க் ஸ்டேஷன் வரை போக வேண்டியிருந்த சிகிச்சை அப்படித் தென்சென்னைக்கும் வந்தது. 2008 முதல் 108 ஆம்புலன்சும் ஓடுகிறது. பெரியவர்களின் புடைப்பு இன்று நூற்றுக்கணக்கில் கணக்கெடுக்கப்படுகிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுடையதோ மருத்துவ இதழ்களில் இன்னும் பெரும்பாலும் ஒரு குழந்தை, இரண்டு குழந்தைகள் என்று தனிக் குறிப்புகளாகவே வெளிவந்துகொண்டிருக்கிறது.