கருப்பை நார்த்திசுக் கட்டிக்கான சிகிச்சை

கருப்பை நார்த்திசுக் கட்டி என்பது கருப்பையின் தசைச் சுவரில் தோன்றும், புற்றுநோயல்லாத கட்டி ஆகும். மருத்துவமனைகளில் இதனை ஃபைப்ராய்டு என்றே கூறுவர். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இயக்குநீர்களின் தூண்டலால் வளரும் இது, மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்குகிறது. தொல்லை தராத கட்டிக்குப் பொதுவாகச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஸ்கேனில் கட்டி தெரிந்தது என்பது மட்டுமே கருப்பையை அகற்றப் போதிய காரணமாகாது.

கருப்பையின் உட்சவ்விலிருந்து வளரும் பாலிப் இதனின்று வேறானது. இரண்டுமே மிகுந்த உதிரப்போக்கை உண்டாக்குவதால் ஒன்றாகக் கருதப்படுவதுண்டு. பாலிப்பை, வயிற்றில் வெட்டின்றி, கருப்பை அகநோக்கி வழியே நீக்கலாம். நீக்கிய திசுவைத் தவறாது ஆய்வுக்கு அனுப்புதல் வேண்டும்; மாதவிடாய் நின்ற பெண்களில் அதில் புற்று இருக்கும் வாய்ப்பு கூடுதல்.

கட்டியின் இடம்

சிகிச்சையைத் தீர்மானிப்பதில் கட்டியின் அளவினும் அதன் இடமே பல வேளைகளில் முக்கியமானது. பன்னாட்டு மகப்பேறு, பெண்நோயியல் கூட்டமைப்பு 2011இல் வெளியிட்ட வகைப்பாடு, கட்டிகளை 0 முதல் 8 வரை எண்ணிடுகிறது. 0, 1, 2 ஆகியவை உட்குழிக்குள் புடைப்பவை. நெல்லிக்காயளவே ஆன இத்தகைய கட்டியும் கடும் உதிரப்போக்கையும் குருதிச்சோகையையும் விளைவிக்கக்கூடும். இவற்றையும் அகநோக்கி வழியே சீவி எடுக்கலாம். வெளிப்புறம் வளர்ந்த பெரிய கட்டியோ சிறுநீர்ப்பையை அழுத்துவதோடு நின்றுவிடலாம்.

மருந்துகள்

டிரானெக்சாமிக் அமிலமும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் கருப்பை உள்சாதனமும் உதிரப்போக்கைக் குறைக்கும், கட்டியைக் கரைக்கமாட்டா. லியூப்ரோலைடு ஊசி கட்டியைச் சுருக்கும். எனினும் எலும்பின் அடர்த்தி குறைவதால் அது நெடுங்காலம் தரப்படுவதில்லை. நிறுத்தியபின் கட்டி மீண்டும் வளரும்.

தமனி அடைப்பு

பாரிசில் ஜாக் ரவினா குழுவினர், அறுவையின்போது குருதியிழப்பைக் குறைக்கவே கருப்பைத் தமனிகளை முன்கூட்டி அடைத்துவந்தனர். அடைத்தபின் பலருக்குத் தொல்லை தணிந்து, அறுவையே தேவையற்றுப்போயிற்று. இது 1995இல் லான்செட் இதழில் வெளியானதும், தமனி அடைப்பு தனிச் சிகிச்சையாயிற்று. தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, நுண்துகள்களை விடுகின்றனர். கட்டி குருதியின்றிச் சுருங்குகிறது. இயல்பான தசை பிற கிளைக்குழாய்களால் பிழைக்கிறது. முதல் சில நாட்கள் வலி கடுமையாக இருக்கலாம். குழந்தைப்பேறு விரும்புவோருக்குக் கட்டியை மட்டும் அகற்றும் அறுவையே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

அறுவை

கட்டியை மட்டும் அகற்றினால் புதியவை தோன்றலாம். கருப்பையை முழுதும் அகற்றினால் அவ்வாய்ப்பில்லை. அப்போது சூலகங்களையும் எடுத்தாக வேண்டும் என்பதில்லை. இளவயதில் இரண்டையும் எடுத்தால் மாதவிடாய் நிறுத்தம் உடனே நேரும். நுண்துளை அறுவையில் கட்டியைத் துண்டாக்கும் மின்கருவி குறித்து, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரிக்கை விடுத்தது. நார்த்திசுக் கட்டி எனக் கருதியது அரிதாகச் சார்கோமா என்னும் புற்றாக இருப்பின், துண்டாக்குகையில் அது வயிற்றறைக்குள் பரவக்கூடும்.