வெள்ளத்தில் மூழ்கிய டிராக்டர், பவர் டில்லர்: சாவி போடும் முன் செய்ய வேண்டியவை

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எனப் பல ஆறுகள் கடலைச் சேரும் வடிகால் பகுதி கடலூர் மாவட்டம். 2015 நவம்பர், டிசம்பர் மழையில் இங்கு பல ஊர்கள் மூழ்கின. ஃபெஞ்சல் புயலை அடுத்து, 2024 டிசம்பர் 2-ம் தேதி சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டபோது தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. இதுபோன்ற வெள்ளத்தில் பயிருடன் டிராக்டர், பவர் டில்லர்களும் மூழ்கிவிடுகின்றன. தண்ணீர் வடிந்ததும் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பினால், சில ஆயிரத்தில் முடியும் வேலை இன்ஜினையே பிரித்துக் கட்டும் செலவாகிவிடும்.

ஏன் ஸ்டார்ட் செய்யக் கூடாது?

டீசல் இன்ஜின் காற்றை ஏறத்தாழ 16 முதல் 18 மடங்கு வரை அழுத்தி ஓடுகிறது. காற்று அழுங்கும், தண்ணீர் அழுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜின் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். பிளாக் கூட உடையலாம். எனவே செல்ஃப் போடவோ, தள்ளி ஸ்டார்ட் செய்யவோ, கியரில் வைத்து இழுக்கவோ வேண்டாம்.

வெளியே எடுக்கும் முறை

* நீரோட்டம் அடங்கும் வரை காத்திருங்கள். அருகில் மின்கம்பி அறுந்து கிடந்தாலோ, மோட்டார் கொட்டகை மூழ்கியிருந்தாலோ தண்ணீரில் இறங்காதீர்கள். மின்னகம் 94987 94987 எண்ணில் தெரிவித்து, மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்த பிறகே இறங்குங்கள்.
* சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய தாழ்வான நிலங்களில் தேங்கிய நீரில் எண்ணெய்ப் படலமோ நெடியோ இருந்தால் வெறுங்காலுடன் இறங்க வேண்டாம். காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் பரவும் ஆபத்தும் உண்டு. முழங்கால் வரையுள்ள ரப்பர் பூட்ஸ் அணியுங்கள்.
* பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள்.
* சக்கரத்தைச் சுற்றியுள்ள சேற்றை வெட்டி எடுத்து, முன்னால் சரிவாகத் தடம் அமையுங்கள்.
* இழுக்கும் டிராக்டரில் கயிற்றைத் தாழ்வாக உள்ள இழுவைக் கொக்கியில்தான் கட்ட வேண்டும். மேலே டாப் லிங்க்கில் கட்டினால் முன்பக்கம் தூக்கி, வண்டி பின்புறமாகக் கவிழும். பின் சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி ஏற்றப் பார்ப்பதும் இதே ஆபத்துதான்.
* குறைந்த கியரில் வெட்டி இழுக்காமல் மெதுவாக இழுங்கள். இரும்புக் கயிறு அறுந்தால் ஆளை வெட்டும். கயிற்றின் அருகே யாரையும் நிற்க விடாதீர்கள்.

இன்சூரன்ஸ் இருந்தால்

எதையும் கழற்றும் முன், தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி படம் எடுத்து இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது. முழுக் காப்பீடு இருந்தாலும், மூழ்கிய பின் ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உடைந்தது எனத் தெரிந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

மெக்கானிக்குடன் பார்க்க வேண்டியவை

1. ஏர் கிளீனர்: முதலில் இதைத் திறந்து பாருங்கள். உள்ளே தண்ணீரோ சேறோ இருந்தால் சிலிண்டருக்கும் போயிருக்கும் என்றே கருதுங்கள்.
2. இன்ஜின் ஆயில்: ஆயில் குச்சியில் பால் கலந்த டீ நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஆயிலை முழுவதும் வடித்து, ஃபில்டருடன் மாற்றுங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால், வண்டி சில மணி நேரம் நின்றிருந்தால் வடிக்கும்போது தண்ணீரே முதலில் வரும்.
3. சிலிண்டர்: இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். தண்ணீர் பீய்ச்சி வரும்; முகத்தை அருகில் வைக்காதீர்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் விட்டு மீண்டும் சுற்றுங்கள்.
4. டீசல்: டேங்கை வடித்துக் கழுவி, டீசல் ஃபில்டரை மாற்றி, காற்றை வெளியேற்றுங்கள்.
5. கியர் பாக்ஸ், ஹைட்ராலிக், பின் ஆக்சில்: ஆயில் நிறம் மாறியிருந்தால் மாற்ற வேண்டும். கிளட்ச், பிரேக் பகுதிகளில் தேங்கிய தண்ணீரையும் வடியுங்கள்.
6. செல்ஃப் மோட்டார், டைனமோ: கழற்றி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து உலர்த்திய பிறகே மாட்டுங்கள்.
7. கிரீஸ்: பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது தெரியும் வரை எல்லா நிப்பிளிலும் அடியுங்கள்.

உப்புத் தண்ணீர் என்றால் தாமதம் கூடாது

உப்பனாற்று ஓரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற பகுதிகளில் கடல்நீர் ஏறி வெள்ளத்துடன் கலக்கும். உப்பு, இரும்பையும் வயர் முனைகளையும் வேகமாக அரிக்கும். எனவே வண்டி வெளியே வந்த அன்றே நல்ல தண்ணீரால் முழுவதும் கழுவுங்கள். ஏர் கிளீனர் வாய், வயரிங், பேரிங் பகுதிகளில் வேகமாகப் பீய்ச்ச வேண்டாம்.

முதல் ஓட்டம்

எல்லாம் முடிந்தபின் ஸ்டார்ட் செய்து, சுமையில்லாமல் 5 முதல் 10 நிமிடம் ஓடவிடுங்கள். ஆயில் பிரஷர் விளக்கு அணையவில்லை என்றாலோ, தட்டும் சத்தம் கேட்டாலோ உடனே நிறுத்துங்கள். நிறுத்தியபின் ஆயில் நிறத்தைப் பாருங்கள். மீண்டும் பால் நிறமானால் மறுபடியும் மாற்ற வேண்டும். ஒட்டியிருக்கும் ஈரம் கலக்கும் என்பதால், சில மணி நேர வேலைக்குப் பிறகு இன்னொரு முறை ஆயில் மாற்றுவது நல்லது.

வண்டி பட்டறையில் இருக்கும் நாட்களில் உழவு நின்றுவிடாமல் இருக்க, வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்கு உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம்.

அடுத்த மழைக்கு முன்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரவில் வண்டியை வயலில் விடாமல் மேட்டில் நிறுத்துங்கள். அணை திறப்பு அறிவிப்பு வந்தும் நகர்த்த முடியாவிட்டால், பேட்டரியைக் கழற்றி எடுத்துவிட்டு, ஏர் கிளீனர் வாயையும் சைலன்சர் வாயையும் பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யும்போது அதை அவிழ்க்க மறக்காதீர்கள்.