விளையாட்டை விற்கும் வாணிகம்



பண்டத்தை விற்றுப் பொருளீட்டுவது ஒருவகை வாணிகம். விளையாடும் இன்பத்தை விற்றுப் பொருளீட்டுவது மற்றொரு வகை. முன்னையதில் வாங்கியவன் கையிலே பண்டம் இருக்கும். பின்னையதில் பெரும்பாலும் வெறுங்கையே எஞ்சும். எனினும் அவன் மகிழ்ந்து வீடு திரும்புகின்றானா, ஏமாந்தோம் என்று மனம் வெதும்பித் திரும்புகின்றானா என்பதிலேதான் அவ்வாணிகத்தின் ஆயுள் தங்கியிருக்கின்றது. காசு போட்டு ஆடும் இயந்திரங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

நகரத்துக் கடைத்தொகுதிகளில் பொம்மை பிடிக்கும் இயந்திரத்தைப் பலரும் கண்டிருப்பீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைகள் குவிந்து கிடக்கும். மேலே மூன்று விரல்கொண்ட இரும்புக் கவ்வி ஒன்று தொங்கும். காசு போட்டவன் அதனை நகர்த்தி, பொத்தானை அழுத்தினால், கவ்வி இறங்கிப் பொம்மையைப் பற்றும். பெரும்பாலும் பாதி வழியில் நழுவவிடும். பார்ப்பதற்கு எளிய விளையாட்டு. ஆனால் இதன் பின்னால் நெடியதொரு கதை உண்டு.

விளையாட்டால் வருவாய் தேடுவது நம்மவர்க்குப் புதிதன்று. கீழடி அகழ்வாய்விலே தந்தத்தாற் செய்த பகடைக் காய் கிடைத்துள்ளது. திருவள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, அதன் கேட்டை எடுத்துரைத்தார். கௌடிலியரின் அர்த்தசாத்திரமோ வேறு வழியில் நினைத்தது. சூதாட்டத்தை ஓரிடத்தில் ஒடுக்கி, அதற்கோர் அதிகாரியை அமர்த்தச் சொன்னது. வேறிடத்தில் ஆடினால் 12 பணம் தண்டம். வென்றவனிடமிருந்து நூற்றுக்கு ஐந்து அரசுக்கு வரும். பகடையை மாற்றி வஞ்சித்தாலும் தண்டம் உண்டு. ஆட்டத்தை நடத்துவோன் வருவாய் பெறலாம்; கருவியிலே கள்ளம் கூடாது என்பதே அவ்விதியின் உட்பொருள்.

பகடையின் இடத்துக்கு இயந்திரம் வந்தது மிக அண்மைக் காலத்திலேயாம். காசு போட்டால் இயங்கும் பொறி என்னும் எண்ணம் மட்டும் பழையது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்து ஈரோன், நாணயத்தின் பாரத்தால் திறந்து கோயில் நீர் வழங்கும் பொறியைத் தம் நூலில் விவரித்தார். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சூதாட்டப் பொறிகள் பரவலாயின. பனாமாக் கால்வாய் 1914இல் திறக்கப்பட்டது. அதனை வெட்டிய நீராவி மண்வாரிகள் உலகோரின் வியப்பைக் கவர்ந்தன. அவற்றைப் போன்ற சிறு கவ்விகள், 1920களில் களியாட்டச் சந்தைகளின் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மிட்டாயையும் காசையும் அள்ளத் தொடங்கின.

வருவாய் பெருகியது; பேராசையும் உடன் வந்தது. பெட்டிக்குள் வெள்ளிக் காசும் பணத்தாளும் வைத்து ஆளை இழுத்தனர். விளையாட்டு சூதாயிற்று. 1951இல் அமெரிக்க நடுவணரசு சூதாட்டப் பொறிகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதைத் தடைசெய்தது. கவ்விப் பொறிகளும் அத்தடைக்குள் அகப்பட்டன. நியூயோர்க்கு நகரிலோ, குண்டு உருட்டி ஆடும் பின்போல் பொறிகள் 1942 முதல் 1976 வரை தடைப்பட்டிருந்தன. நகரசபையின் முன்னே ஒருவர் ஆடிக்காட்டி, அது திறமையாலும் வெல்லத்தக்கதெனக் காட்டிய பின்னரே தடை நீங்கியது.

யப்பான் இதனை வேறு விதமாகக் கையாண்டது. அங்கே 1985இல் சேகா நிறுவனம் வெளியிட்ட யூஃபோ கேட்சர் என்னும் கவ்விப் பொறி நாடெங்கும் பரவியது. பரிசின் விலைக்கு அங்கே எல்லை உண்டு: முன்பு ஏறத்தாழ 800 யென், 2022 முதல் 1,000 யென். பெரும்பொருளைக் காட்டி ஆசையூட்ட இயலாமையால் விளையாட்டு விளையாட்டாகவே நின்றது, தொழிலும் தழைத்தது.

இந்திய உயர் நீதிமன்றமாகிய சுப்ரீம் கோர்ட்டும் 1995இல், கருநாடகத்து வீடியோ விளையாட்டு நிலையங்கள் பற்றிய வழக்கில், அவற்றுக்கு உரிமம் வேண்டுமென்னும் ஒழுங்கை ஏற்றுக்கொண்டது. பொறியைத் திருத்தியமைத்தால் திறமை விளையாட்டும் தற்செயல் விளையாட்டாக மாறிவிடும் என்பதே அங்கே எழுந்த கவலை. நமது நாட்டிலோ, பொது இடங்களில் பணயம் வைத்து ஆடுவதை 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் நெடுங்காலம் தடுத்து வந்தது.

அக்கவலை வெறுங்கற்பனையன்று. கவ்வியின் விரல்களை மூடுவது மின்காந்தம். மின்னோட்டத்தைக் குறைத்தாற் பிடி தளரும். எத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை பிடி இறுக வேண்டுமென்று உரிமையாளர் முன்னரே அமைத்துவிட இயலும். ஒரு கணக்குப் பாருங்கள். பொம்மையின் விலை 500 ரூபா, ஓர் ஆட்டத்துக்கு 100 ரூபா என்க. பத்துக்கு ஒன்று வென்றால், வரும் 1,000 ரூபாவிலே 500 மிஞ்சும். வாடகை, மின்கட்டணம், பழுதுபார்ப்பு, கூலி யாவும் அதற்குள் அடங்க வேண்டும். முப்பதுக்கு ஒன்று என அமைத்தால் 2,500 ரூபா மிஞ்சும். கணக்கேட்டில் இதுவே இனிக்கும். ஆனால் முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் ஏமாந்த கதையை ஊர் முழுதும் சொல்வர். பெருநகரிலே நாள்தோறும் புதுமுகம் வரும். சிற்றூரிலே வருவோர் அதே பிள்ளைகள்தாம்.

மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேருக்கு எங்கள் பலாபத்வலவிலிருந்தும் மக்கள் திரளாகச் செல்வர். திருவிழாக் கடைகளில் வளையம் எறியும் ஆட்டம் நடத்துவோன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். வளையம் பரிசுப்பொருளிற் சரியாகப் பொருந்துமென்று முதலிற் காட்டிவிட்டே அவன் காசு வாங்கினால், அடுத்த ஆண்டும் அவன் கடையை மக்கள் நாடிச் செல்வர். கண்ணாடிப் பெட்டியை வைத்துத் தொழில் தொடங்க எண்ணும் இளைஞர்க்கும் இதுவே பாடம். பரிசு சிறியதாக இருக்கட்டும்; வெல்லும் வாய்ப்பு மெய்யாக இருக்கட்டும்; எத்தனைக்கு ஒன்று என்பதைப் பலகையில் எழுதி வைக்கட்டும்.

வள்ளுவர் சூதின் வெற்றிக்கு உவமையாகத் தூண்டிலையும் மீனையும் காட்டினார். கண்ணாடிக்குள் இறங்கும் கவ்வி பொம்மைக்கு மட்டுமே தூண்டிலாக இருக்கட்டும். காசு போடும் பிள்ளைக்குத் தூண்டிலாகிவிட வேண்டா. அந்த வேறுபாட்டைக் காத்த இடத்திலே இவ்வாணிகம் வாழ்ந்தது. காக்கத் தவறிய இடத்திலே சட்டம் வந்து கதவடைத்தது.